பழைய கணினியில் இசட்ரேம் ஸ்வாப்: கடலூர், புதுச்சேரி பயனர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்து டிடிபி கடைகளிலும், திருப்பாதிரிப்புலியூர் பக்கத்து நெட் சென்டர்களிலும், லாஸ்பேட்டை, வில்லியனூர் வீடுகளிலும் 2 ஜிபி, 4 ஜிபி ரேமோடு ஓடும் கணினிகள் இன்றும் ஏராளம். தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த பழைய இலவச மடிக்கணினிகளும் இந்தக் கணக்கில் சேரும். விண்டோஸ் தாங்காது என்று ஆனபிறகு அவற்றில் லுபுண்டு, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, எம்எக்ஸ் லினக்ஸ் என்று எதையாவது ஏற்றி ஓட்டுகிறோம். கூடவே "இசட்ரேம் போடு, வேகம் வரும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். போட்டபிறகு வரும் சந்தேகங்களுக்கும் கோளாறுகளுக்கும் இங்கே பதில் இருக்கிறது.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். அமைப்புகளை மாற்றும் கட்டளைகளுக்கு முன்னால் சூடோ (நிர்வாகி அனுமதி தரும் சொல்) வேண்டும்.

அண்ணே, இசட்ரேம் போட்டால் 2 ஜிபி ரேம் 4 ஜிபி ஆகிவிடுமா?

ஆகாது. இந்த ஒரு எதிர்பார்ப்பில் இருந்துதான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது.

இசட்ரேம் என்பது ரேமுக்குள்ளேயே கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) உருவாக்கும் ஒரு போலி வட்டு. அதில் எழுதுவதெல்லாம் சுருக்கப்பட்டு ரேமிலேயே தங்கும். அந்த வட்டை ஸ்வாப்பாக, அதாவது ரேம் போதாதபோது தரவை ஒதுக்கி வைக்கும் இடமாகக் காட்டினால், கொஞ்ச நேரமாகத் தொடாத பக்கங்களை (ரேமில் உள்ள தரவின் சிறு துண்டுகளை) கெர்னல் சுருக்கி அங்கே தள்ளிவிட்டு, மிச்சமான இடத்தை வேறு வேலைக்குக் கொடுக்கும். கூடத்தில் விரித்த பாயைச் சுருட்டி மூலையில் வைத்த மாதிரி. கூடம் பெரிதாவதில்லை, நடக்க இடம் கிடைக்கிறது. திரும்ப உட்கார வேண்டுமென்றால் பாயை விரிக்க வேண்டும், அந்த வேலை பிராசஸருக்கு.

கணக்காகச் சொன்னால்: 1 ஜிபி அளவு பக்கங்கள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினால் அவை ரேமில் சுமார் 340 எம்பி பிடிக்கும். உங்களுக்கு லாபம் ஏறக்குறைய 680 எம்பி. 2 ஜிபி கணினிக்கு இது பெரிய உதவிதான், ஆனால் இரட்டிப்பு இல்லை.

இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. நிதின் குப்தா கம்ப்கேஷ் என்ற பெயரில் தொடங்கிய வேலை இது. 2014இல் 3.14 கெர்னலில் முழு அங்கமானது. ஃபெடோரா லினக்ஸ் 2020இல் வந்த 33ஆம் பதிப்பில் இருந்து இதையே இயல்பான ஸ்வாப்பாக வைத்திருக்கிறது.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் "ஸ்வாப்ஆன் --ஷோ". பட்டியலில் இசட்ரேம்0 இருந்தால் ஸ்வாப் இயங்குகிறது. பழைய உபுண்டு வழிப் பதிப்புகளில் இசட்ரேம்0 முதல் இசட்ரேம்3 வரை நான்கு வரிகள் வரலாம். பிராசஸரின் ஒரு கோருக்கு ஒன்று என்று அப்போது பிரித்தார்கள். அது கோளாறு அல்ல.

அடுத்து "இசட்ரேம்சிடிஎல்". எந்த அமைப்பையும் தொடும் முன்னால் இந்தக் கட்டளை காட்டும் எண்களைப் படிக்கப் பழகுங்கள். நான் எப்போதும் இங்கிருந்துதான் தொடங்குவேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு டிடிபி கடையின் 2 ஜிபி கணினியில், உலாவியும் லிப்ரெஆபீசும் திறந்திருந்தபோது வந்த வரி இப்படி இருந்தது: டிஸ்க்சைஸ் 966 எம், டேட்டா 612 எம், காம்ப்ர் 171 எம், டோட்டல் 183 எம்.

டிஸ்க்சைஸ் என்பது போலி வட்டின் உச்சவரம்பு. அவ்வளவு ரேமை அது பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தமில்லை. காலியாக இருக்கும்போது மிகக் கொஞ்சம்தான் எடுக்கும். டேட்டா என்பது உள்ளே போன சுருங்காத அளவு. காம்ப்ர் சுருங்கியபின் அளவு. டோட்டல்தான் ரேமில் உண்மையாகப் பிடித்திருக்கும் இடம், நிர்வாகச் செலவும் சேர்த்து. டேட்டாவை டோட்டலால் வகுங்கள்: 612 கீழ் 183, மூன்றேகாலுக்குக் கொஞ்சம் மேல். நல்ல விகிதம். 2க்கு மேல் இருந்தால் இசட்ரேம் தன் வேலையைச் செய்கிறது. 1.3, 1.4 என்று வந்தால் சுருங்காத சரக்கு உள்ளே போகிறது என்று பொருள். அதைப் பற்றிக் கீழே ஸ்கேன் கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

ஸ்வாப் 60 சதவீதம் நிறைந்திருக்கிறது. ஆபத்தா?

நிறைந்திருப்பது மட்டும் ஆபத்தில்லை. காலையில் திறந்து அப்படியே விட்ட ஒரு ஜன்னல் அங்கே போய் உறங்கினால் நல்லதுதான். பார்க்க வேண்டியது போக்குவரத்து. "விஎம்ஸ்டாட் 1" என்று அடித்துவிட்டு எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளைக் கவனியுங்கள். ஸ்வாப்பில் இருந்து வருவது எஸ்ஐ, போவது எஸ்ஓ. அவ்வப்போது துள்ளிவிட்டு 0க்கு இறங்கினால் நிம்மதி. இரண்டும் ஓயாமல் ஆயிரக்கணக்கில் ஓடினால் கணினி திணறுகிறது.

கெர்னல் 4.20 அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்னொரு வசதி உண்டு. ப்ராக் அடைவில் பிரெஷர் என்ற உள் அடைவு, அதில் மெமரி என்ற கோப்பு. நினைவகத்துக்காகக் காத்திருந்து வீணான நேரத்தைச் சதவீதமாகச் சொல்லும். சில லினக்ஸ் விநியோகங்கள் (உபுண்டு, மின்ட் போன்ற பதிப்புகள்) இதை அணைத்து வைத்திருக்கும், கோப்பு இல்லையென்றால் பதற வேண்டாம்.

நிறுவினேன். மறுநாள் கணினியைத் திறந்தால் இசட்ரேம் இல்லை. ஏன்?

பெரும்பாலும் காரணம், ஒன்றுக்கு மேற்பட்ட பொதிகள் (நிறுவும் மென்பொருள் தொகுப்புகள்). டெபியன், உபுண்டு வழியில் இசட்ரேம்-டூல்ஸ், இசட்ரேம்-கான்ஃபிக், சிஸ்டம்டி-இசட்ரேம்-ஜெனரேட்டர் என்று மூன்று இருக்கின்றன. மூன்றும் செய்வது ஒரே வேலை. ஒரு வீடியோ பார்த்து ஒன்றையும், இன்னொரு வீடியோ பார்த்து மற்றொன்றையும் போட்டால், முதலில் எழுந்தது இசட்ரேம்0ஐப் பிடித்துக்கொள்ளும். பின்னால் வந்தது "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" என்று தோற்கும். "சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு" அடித்தால் எது விழுந்தது என்று தெரியும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பர்ஜ் செய்துவிடுங்கள், அதாவது அமைப்புக் கோப்புகளோடு முழுவதும் நீக்கிவிடுங்கள். எனக்கு இசட்ரேம்-டூல்ஸ் பிடிக்கும், அமைப்புக் கோப்பு எளிமை.

அந்தக் கோப்பு இடிசி அடைவில் டீஃபால்ட் என்ற அடைவுக்குள், இசட்ரேம்ஸ்வாப் என்ற பெயரில் இருக்கும். அல்கோ, பெர்சென்ட், சைஸ், பிரையாரிட்டி என்று நான்கு வரிகள். வரியின் தொடக்கத்தில் ஹாஷ் குறி இருந்தால் அந்த வரி கணக்கில் வராது, நீக்கினால்தான் உயிர் பெறும். பெர்சென்டும் சைஸும் ஒன்றாகத் திறந்திருந்தால் பெர்சென்ட்தான் ஜெயிக்கும். "சைஸ் 1500 கொடுத்தும் மாறவே இல்லை" என்று வருபவர்களுக்குப் பதில் அந்த ஒரு வரிதான். மாற்றியபின் "சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் இசட்ரேம்ஸ்வாப்".

இன்னொரு காரணம், கெர்னலில் இசட்ரேமுக்கான மாட்யூலே (துணைப் பகுதியே) இல்லாதது. "மாட்ப்ரோப் இசட்ரேம்" அடித்தால் நாட் ஃபவுண்டு என்று வரும். உபுண்டு வழியில் அந்தக் கெர்னலுக்கான மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா பொதியைப் போட்டுப் பாருங்கள். கெர்னலை மேம்படுத்திவிட்டு மறுதொடக்கம் செய்யாமல் இருந்தாலும் இதே செய்தி வரலாம். அப்போது ஒரு ரீபூட் போதும்.

இசட்ரேம் ஓடியும், குரோமில் பத்து டேப் திறந்ததும் மவுஸ்கூட நகரவில்லை. வட்டு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது.

அதிகம் வரும் புகார் இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஸ்வாப் ரேமில் இருக்கும்போது வட்டு விளக்கு ஏன் எரிய வேண்டும்? ஏனென்றால், கெர்னல் இடம் காலி செய்ய இரண்டு வழிகள் வைத்திருக்கிறது. நிரல்கள் உருவாக்கிய தரவை ஸ்வாப்புக்குத் தள்ளுவது ஒன்று. வட்டில் ஏற்கெனவே பிரதி இருக்கும் கோப்புப் பக்கங்களை அப்படியே தூக்கி எறிவது மற்றொன்று. இரண்டாவதில் நிரல்களின் சொந்த உடலும் அடங்கும். குரோமின் நிரல், டெஸ்க்டாப்பின் நிரல், மவுஸை நகர்த்தும் காட்சி சேவையகத்தின் நிரல் எல்லாமே வட்டில் உள்ள கோப்புகள்தான். இசட்ரேம் நிறைந்துவிட்டாலோ, ஸ்வாப்பைத் தொடாதே என்று நீங்கள் கெர்னலைக் கட்டிப்போட்டிருந்தாலோ, அது இந்தப் பக்கங்களை எறியும். அடுத்த நொடியே அவை தேவைப்படும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் இருந்து திரும்பப் படிக்கும். படித்ததை மறுபடி எறியும். மவுஸ் உறைவது இப்படித்தான்.

ஸ்வாப்பைத் தொடாதே என்று யார் சொன்னது? ஸ்வாப்பினஸ் 10. ஸ்வாப்பினஸ் என்பது கெர்னல் எவ்வளவு தாராளமாக ஸ்வாப்பைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் எண். ஹார்ட் டிஸ்க் ஸ்வாப் காலத்து அறிவுரை அது, இன்னும் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. வட்டில் ஸ்வாப் இருந்தபோது அதில் நியாயம் இருந்தது, ஏனென்றால் ஸ்வாப் செய்வது மெதுவான வேலை. இசட்ரேமில் நிலைமை தலைகீழ்: ஸ்வாப் செய்வதுதான் மலிவு, வட்டில் இருந்து கோப்பைத் திரும்பப் படிப்பதுதான் விலை அதிகம். அதனால் இசட்ரேம் இருக்கும் கணினியில் ஸ்வாப்பினஸை 100க்கும் மேல் வைப்பது சரி. இயல்பு மதிப்பு 60. கெர்னல் 5.8 முதல் 200 வரை அனுமதி உண்டு. 130 முதல் 180 வரை ஏதாவது ஒன்றை வைத்துப் பாருங்கள்.

எங்கே வைப்பது? இடிசி அடைவில் சிஸ்சிடிஎல்.டி என்ற அடைவுக்குள் 99-இசட்ரேம்.கான்ஃப் என்று ஒரு கோப்பு உருவாக்கி இரண்டு வரி: "விஎம்.ஸ்வாப்பினஸ்=150", "விஎம்.பேஜ்-கிளஸ்டர்=0". பிறகு "சிஸ்சிடிஎல் --சிஸ்டம்". முன்பு எப்போதோ 10 என்று எழுதிய வரி வேறு கோப்பில் கிடந்தால் அதை நீக்குங்கள். பேஜ்-கிளஸ்டர் இயல்பாக 3, அதாவது ஒரு பக்கம் கேட்டால் அக்கம்பக்கத்தையும் சேர்த்து எட்டுப் பக்கங்களாகக் கொண்டுவரும். ஹார்ட் டிஸ்கின் ஊசி நகர்வதை மிச்சப்படுத்த அப்படி வைத்தார்கள். இசட்ரேமில் ஊசி ஏது? கேட்காத ஏழு பக்கங்களையும் விரிக்கும் வேலை பிராசஸருக்கு வீண். 0 என்று வைத்தால் கேட்டது மட்டும் வரும்.

அப்புறம் இயர்லிஊம். ரேம் தீர்ந்துபோகும் முன்பே ஏதாவது ஒரு நிரலை மூடிவிடும் சின்ன நிரல் அது. உறைந்த கணினியின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைவிட, எல்லாம் உறையும் முன் ஒரு டேப் மட்டும் சாவது எவ்வளவோ மேல். கெர்னலுக்குச் சொந்தமாகவே நிரல்களைக் கொல்லும் ஏற்பாடு உண்டு, ஆனால் அது வருவதற்குள் நீங்கள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். இயர்லிஊம் முன்கூட்டியே செயல்படும். ஒன்று கவனம்: எடுக்கக்கூடிய ரேம் 10 சதவீதத்துக்குக் கீழே, காலி ஸ்வாப்பும் 10 சதவீதத்துக்குக் கீழே, இரண்டும் சேர்ந்தால்தான் இயல்பு அமைப்பில் அது கை வைக்கும். இசட்ரேமைப் பெரிதாக வைத்தவர்களுக்கு ஸ்வாப் எப்போதும் காலியாகவே தெரியும், ரேம் உண்மையில் தீர்ந்திருக்கும், இயர்லிஊம் சும்மா நிற்கும். அப்படிப்பட்ட கணினியில் "-எம் 5 -எஸ் 100" என்று கொடுங்கள். ஸ்வாப் நிபந்தனை எப்போதும் நிறைவேறியதாக எடுத்துக்கொண்டு ரேமை மட்டும் பார்க்கும்.

குரோமிலேயே செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி சேவர் இருக்கிறது. அதையும் இயக்குங்கள். பத்து டேப்பில் எட்டைப் பார்க்கவே மாட்டோம்.

இசட்ரேம் அளவு எவ்வளவு வைக்கலாம்?

2 ஜிபி கணினியில் நான் 75 முதல் 100 சதவீதம் வைக்கச் சொல்வேன். 4 ஜிபியில் 50 போதும். 8 ஜிபி இருந்தால் 50க்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

200, 300 சதவீதம் வைத்தால் என்ன ஆகும்? 2 ஜிபி கணினியில் 4 ஜிபி இசட்ரேம் என்று வையுங்கள். சரக்கு மூன்று மடங்கு சுருங்கினால் 4 ஜிபியும் நிறையும்போது ரேமில் 1.3 ஜிபிக்கு மேல் அதற்கே போயிருக்கும். மீதியில் கெர்னல், டெஸ்க்டாப், நீங்கள் வேலை செய்யும் நிரல் எல்லாம் நெருக்கியடிக்க வேண்டும். சரக்கு இரண்டு மடங்குதான் சுருங்குகிறது என்றால் 2 ஜிபியும் இசட்ரேமுக்கே. நிறைவதற்கு வெகு முன்பே கணினி நின்றுவிடும். கிராபிக்ஸ் பங்கு போக 2 ஜிபி என்பதே உங்களிடம் 1.8 ஜிபி அளவில்தான் இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்க்சைஸை மாற்ற முடியாது. ஸ்வாப்ஆஃப் செய்து, ரீசெட் செய்து, புதிய அளவு கொடுத்து, மறுபடி ஏற்ற வேண்டும். சேவையை ரீஸ்டார்ட் செய்தால் இதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

எல்இசட்4ஆ, இசட்எஸ்டிடியா?

இவை இசட்ரேம் பக்கங்களைச் சுருக்கும் முறைகள், அல்கோ வரியில் கொடுப்பது. கோர் 2 டூவோ, ஆட்டம், பழைய செலரான் பிராசஸர் என்றால் எல்இசட்4 அல்லது எல்இசட்ஓ-ஆர்எல்இ. நான்கு கோர், ஓரளவு புதிய பிராசஸர் என்றால் இசட்எஸ்டிடி. இசட்எஸ்டிடி அதிகம் சுருக்கும், அதற்கு ஏற்ப பிராசஸரையும் வாங்கும். மாற்றிப் பார்த்து வித்தியாசம் உணர முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், இதில் நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை.

ஹார்ட் டிஸ்கில் பழைய ஸ்வாப் பார்ட்டிஷனும் இருக்கிறது. இரண்டும் இருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் முன்னுரிமை சரியாக இருக்க வேண்டும். "ஸ்வாப்ஆன் --ஷோ" காட்டும் பிரையோ பத்தியில் இசட்ரேமுக்கு 100, வட்டுக்கு -2 என்பதுபோல் இருந்தால் முதலில் இசட்ரேம் நிறையும், பிறகுதான் வட்டு. எண் பெரியதற்குத்தான் முதலிடம். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் கெர்னல் மாறி மாறி இரண்டுக்கும் அனுப்பும், அது வேண்டாத வேலை.

முன்னுரிமை சரியாக இருந்தும் ஒரு சிக்கல் மிஞ்சும். காலையில் முதலில் ஸ்வாப்புக்குப் போனவை யாரும் தொடாத சோம்பேறிப் பக்கங்கள். அவை வேகமான இசட்ரேமில் இடம் பிடித்து உட்கார்ந்துவிடும். மதியம் நெருக்கடி வரும்போது தள்ளப்படும் சுறுசுறுப்பான பக்கங்களுக்கு மெதுவான ஹார்ட் டிஸ்க்தான் மிச்சம். காலையில் நன்றாக ஓடி, மாலையில் இழுக்கும் கணினிகளில் இதுவும் ஒரு காரணம்.

வட்டு ஸ்வாப்பைக் கட்டாயம் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், இசட்ரேமை எடுத்துவிட்டு இசட்ஸ்வாப்புக்கு மாறுங்கள். அது வட்டு ஸ்வாப்புக்கு முன்னால் ரேமில் ஒரு சுருக்கிய சேமிப்பை வைத்து, அது நிறைந்தால் பழையதை வட்டுக்கு அனுப்பும். சோம்பேறிகள் வட்டுக்கு, புதியவை ரேமில், வரிசை சரியாக இருக்கும். கெர்னல் கட்டளை வரியில் "இசட்ஸ்வாப்.எனேபிள்டு=1" என்று சேர்த்து "அப்டேட்-கிரப்" ஓட்ட வேண்டும். இயல்பாக அது ரேமில் 20 சதவீதம்வரை எடுக்கும்.

இசட்ஸ்வாப், இசட்ரேம் இரண்டையும் ஒருசேர ஓட்டாதீர்கள். ஒன்றின் முன் ஒன்று நின்று ஒரே பக்கத்துக்கு இரட்டை வேலை ஆகும், இசட்ரேம்சிடிஎல் காட்டும் எண்களும் குழம்பும். சில விநியோகங்கள் இசட்ஸ்வாப்பைச் சொல்லாமலே இயக்கி வைத்திருக்கும். சிஸ், மாட்யூல், இசட்ஸ்வாப், பாராமீட்டர்ஸ் என்று அடைவு வழியாகப் போய் எனேபிள்டு கோப்பைப் படியுங்கள். ஒய் என்றால் ஓடுகிறது, என் என்றால் இல்லை. இசட்ரேமோடு இருப்பவர்கள் கட்டளை வரியில் 0 கொடுத்து அணைத்துவிட வேண்டும்.

டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஸ்கேன் செய்து கிம்ப் என்ற படத் திருத்த நிரலில் திறந்தாலே நின்றுவிடுகிறது. இசட்ரேம் உதவவில்லையே?

ஸ்கேன் கணக்கைப் பாருங்கள். ஒரு ஏ4 தாளை 600 டிபிஐயில் கலராக ஸ்கேன் செய்தால் 4960க்கு 7016 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட், மொத்தம் 104 எம்பி. வட்டில் ஜேபெக் கோப்பாக 4 எம்பி இருக்கலாம், ரேமில் திறந்தால் 104. இரண்டு லேயர் வைத்து, நான்கு திருத்தம் செய்தால், செய்ததைத் திரும்பப் பெற கிம்ப் பழைய நிலைகளையும் பிடித்து வைக்கும். 2 ஜிபி கணினிக்கு இது சுமை.

இதே தாளை 300 டிபிஐயில் கலராக எடுத்தால் 26 எம்பி. சாம்பல் நிறத்தில் 9 எம்பிக்குக் கீழே. பட்டா நகல், ரேஷன் கார்டு, டிசி போன்றவற்றுக்கு 300 சாம்பல் தாராளம். 600 கலர் என்று ஸ்கேனர் நிரலில் ஒருமுறை வைத்தது அப்படியே நிற்கும். அதை முதலில் பாருங்கள்.

இசட்ரேம் ஏன் கைவிடுகிறது? எழுத்தும், காலி இடமும், ஒரே மாதிரியான தரவும் நன்றாகச் சுருங்கும். ஒரே மதிப்பு நிறைந்த பக்கம் என்றால் இசட்ரேம் அதைச் சேமிப்பதுகூட இல்லை, அந்த மதிப்பை மட்டும் குறித்துக்கொள்ளும். ஆனால் ஸ்கேனரில் இருந்து வரும் வெள்ளை உண்மையான வெள்ளை அல்ல. பெரிதாக்கிப் பாருங்கள், 253, 251, 254 என்று பொரிப்பொரியாக இருக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு வைத்த போட்டோ இன்னும் மோசம். அவ்வாறு சரியாகச் சுருங்காத பக்கத்தை இசட்ரேம் முழு 4 கேபியாகவே வைத்துக்கொள்ளும். சிஸ், பிளாக், இசட்ரேம்0 அடைவில் எம்எம்_ஸ்டாட் கோப்பைத் திறந்தால் எட்டாவது எண் இவற்றின் எண்ணிக்கை. கிம்ப் திறந்திருக்கும்போது அது ஏறிக்கொண்டே போனால் இசட்ரேம் அங்கே வெறும் இடமாற்றம்தான் செய்கிறது.

தீர்வு கிம்ப்புக்குள்ளேயே இருக்கிறது. பிரெஃபரன்சஸில் சிஸ்டம் ரிசோர்சஸ் பகுதி, டைல் கேஷ் சைஸ். அதை 512 எம்பி ஆக்குங்கள். அதற்கு மேல் போவதைக் கிம்ப் தன் சொந்த ஸ்வாப் கோப்பில் எழுதிக்கொள்ளும். கிம்ப் மட்டும் மெதுவாகும், முழுக் கணினியும் உறையாது. வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது இந்த வித்தியாசம் பெரிது. ஸ்கேன் படத்தில் லெவல்ஸ் கொண்டு பின்னணியைச் சுத்த வெள்ளையாக்கிவிட்டால் பிரிண்டும் தெளிவாக வரும், ரேமிலும் நன்றாகச் சுருங்கும்.

கரண்ட் போனால் இசட்ரேமில் இருந்தது போய்விடுமா? ஹைபர்னேட் செய்யலாமா?

போய்விடும், ரேமில் உள்ள எல்லாமும் போவதுபோல. சேமித்த கோப்புகளுக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

இசட்ரேமுக்கு ஹைபர்னேட் செய்ய முடியாது. ஹைபர்னேட் என்பது ரேமை வட்டில் எழுதிவிட்டு முழுவதும் அணைப்பது. எழுதும் இடம் ரேமிலேயே இருந்தால் எப்படி? அது வேண்டுமென்றால் வட்டில் போதிய ஸ்வாப் தனியாக வேண்டும், கெர்னலுக்கு ரெஸ்யூம் எங்கே என்றும் சொல்ல வேண்டும். சஸ்பெண்டுக்கு இந்தத் தடை இல்லை, ஆனால் பேட்டரி தீர்ந்தால் அதுவும் போச்சு. 2011 டிசம்பர் 30இல் தானே, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் என்று புயல் கரையேறும் கடற்கரை நம்முடையது. மழைக்காலத்தில் யுபிஎஸ் பேட்டரி செத்த கடைக் கணினிகளில் லிப்ரெஆபீசின் தானியங்கிச் சேமிப்பை 3 நிமிடத்துக்கு வைத்துவிடுவது எந்த ஸ்வாப் அமைப்பையும்விடப் பயன் தரும்.

கெர்னல் பதிவில் இசட்ரேம் பெயரோடு "டிகம்ப்ரெஷன் ஃபெயில்டு" என்று வருகிறது. நிரல்கள் திடீர் திடீரென்று மூடுகின்றன.

அமைப்புகளைத் தொடாதீர்கள். ரேமைச் சோதியுங்கள்.

சுருக்கி வைத்த பக்கத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விரிக்கும்போது முழுப் பக்கமும் கெடலாம். சாதாரணமாக ஒரு படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறியதோடு போயிருக்கும் ரேம் கோளாறு, இசட்ரேம் இருந்தால் இப்படி வெளியே தெரியும். மெம்டெஸ்ட்86+ஐ யுஎஸ்பியில் போட்டு ஓர் இரவு ஓட விடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் ரேம் சந்தேகம்தான்.

தேவனாம்பட்டினம், முதுநகர், புதுவைக் கடற்கரை ஓரத் தெருக்களில் உப்புக்காற்று சேர்ந்து ரேம் தொடுமுனைகள் மங்கிப்போவது உண்டு. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் தட்டி, கிளிக் சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். சர்வீஸ் கடைகளில் முதலில் செய்வது இதைத்தான். பிறகும் பிழை வந்தால் ரேம் குச்சியை மாற்றுங்கள். தரவு கெட்டுக்கொண்டே இருக்கும் கணினியில் கடைக் கணக்கு எழுதக் கூடாது.

டெபியன் 13க்கு மாறியதில் இருந்து ரேம் சீக்கிரம் நிறைகிறது. இசட்ரேம் பழுதா?

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 முதல் டெம்ப் அடைவு இயல்பாகவே ரேமில் இருக்கிறது, ரேமில் பாதிவரை அது வளரலாம். பெரிய கோப்புகளை அங்கே வைத்து விரிக்கும் நிரல்கள் இருந்தால் ரேம் அங்கேதான் போகிறது. "டிஎஃப் -ஹெச்" அடித்து டெம்ப் வரியைப் பாருங்கள். "சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டெம்ப்.மவுண்ட்" என்று அடித்து மறுதொடக்கம் செய்தால் டெம்ப் மறுபடி வட்டுக்கே போகும். யூனிட்டின் பெயர் டிஎம்பி என்ற மூன்று எழுத்துதான். 32 பிட் மட்டுமே தெரிந்த கணினிக்கு அந்தப் பதிப்பில் கெர்னலும் நிறுவியும் கிடையாது, அவர்கள் 12இலேயே இருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் போதவில்லை. அடுத்து என்ன?

ரேம் வாங்குங்கள். 2 ஜிபியில் இருந்து 4க்குப் போவது எந்த அமைப்பு மாற்றமும் தராத வித்தியாசத்தைத் தரும். பழைய டிடிஆர்3 குச்சிகள் சர்வீஸ் கடைகளில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும். வாங்கும் முன் இரண்டு விஷயம்: உங்கள் மடிக்கணினி டிடிஆர்3எல் கேட்கிறதா என்று பழைய குச்சியின் ஒட்டுச்சீட்டில் பாருங்கள். போர்டு எவ்வளவு தாங்கும் என்றும் பாருங்கள். ஆட்டம் என்450 போட்ட சின்ன நெட்புக் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது, 4 வாங்கி மாட்டினால் காசு வீண். அந்த மாதிரிக் கணினிக்கு ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுங்கள். மேலே சொன்ன, எறிந்த பக்கத்தைத் திரும்பப் படிக்கும் வேதனை பெரிதும் குறையும்.

இசட்ரேமே வேண்டாம் என்றால் எப்படி எடுப்பது?

முதலில் உலாவியையும் பெரிய நிரல்களையும் மூடுங்கள். ஸ்வாப்ஆஃப் செய்யும்போது உள்ளே சுருங்கிக் கிடப்பவை அனைத்தும் விரிந்து ரேமுக்கே திரும்ப வேண்டும். இடமில்லாமல் அந்தக் கட்டளையைக் கொடுத்தால் கணினி அங்கேயே நிற்கும், இல்லை ஏதாவது ஒரு நிரல் சாகும். "ஃப்ரீ -ஹெச்" காட்டும் அவைலபிள் எண், இசட்ரேம்சிடிஎல் காட்டும் டேட்டா எண்ணைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு "ஸ்வாப்ஆஃப்" கொடுத்து, கூடவே சாதனத்தின் முழுப் பாதையையும் கொடுங்கள். அது முடிந்ததும் பொதியைப் பர்ஜ் செய்யுங்கள். சிஸ்சிடிஎல்.டி அடைவில் எழுதிய 99-இசட்ரேம்.கான்ஃப் கோப்பையும் சேர்த்து நீக்குங்கள். வட்டு ஸ்வாப்புக்குத் திரும்பிய கணினியில் ஸ்வாப்பினஸ் 150 அப்படியே கிடந்தால் ஹார்ட் டிஸ்க் ஓயாமல் ஓடும்.